வெட்டு மெசினும் எங்கள் வயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் பரந்தன் பக்கம் எங்கள் வாய்க்காலில் அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, கதிரை வெட்டி அடித்துத் தரும் மெசின் ஒழுங்கு செய்து கொடுக்கும் வேலை சில போகங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. மெசின்காரரோடு பேசுவது, யாருடையது முதல், யாருடையது பிறகு என்று கொப்பியில் எழுதுவது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது, இவ்வளவும்தான் வேலை. தை பிறந்தால் தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"மெசின் எண்டா மெசின்தானே? பக்கத்து வயலை முக்கால் மணித்தியாலத்திலை முடிச்சவன், எங்கடையை ஏன் ஒண்டரை மணித்தியாலம் இழுத்தவன்?"

வயலுக்குள் இறங்கிய மெசின் நான்கு விதமாக நேரத்தைச் செலவழிக்கிறது: வெட்டுவது, திரும்புவது, நெல்லைக் கொட்டுவது, சும்மா நிற்பது. சும்மா நிற்பது என்றால் அடைப்பு எடுப்பது, வரம்பு தாண்ட வழி பார்ப்பது, நெல் ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டி வரும்வரை காத்திருப்பது எல்லாம். இந்த நான்கில் முதலாவதில்தான் நெல் சேரும். மற்ற மூன்றையும் கூட்டுவதோ குறைப்பதோ பெரும்பாலும் வயல்.

கணக்காகப் பார்ப்போம். 2 மீற்றர் அகலம் வெட்டும் மெசின் மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் நிற்காமல், திரும்பாமல் ஓடினால் ஒரு மணித்தியாலத்தில் 0.8 ஹெக்ரயர், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர் முடிய வேண்டும். அப்படி ஒருநாளும் முடியாது. நல்ல வயலில் இதில் மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சினால் முக்கால் பங்கு கிடைக்கும். துண்டு துண்டான வயலில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். பக்கத்து வயலுக்கும் உங்கள் வயலுக்கும் ஒரே மெசின், ஒரே சாரதி என்றால், வித்தியாசத்தை வயலில்தான் தேட வேண்டும்.

"ஒரு ஏக்கர் எண்டா ஒரு ஏக்கர்தானே. நீட்டா இருந்தா என்ன, சதுரமா இருந்தா என்ன?"

இதை ஒருமுறை கொப்பியில் போட்டுப் பார்த்தேன். 100 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலமான வயல் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஓர வரிசை விடுபடாமல் இருக்க, ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சம் மேவித்தான் வெட்டுவார்கள். ஆகவே 2 மீற்றர் மெசினுக்கு உண்மையில் 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கமாக ஓடினால் 22 ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 90 செக்கன். வெட்டுவதற்கு மட்டும் 33 நிமிடம். ஒரு திருப்பத்துக்கு 20 செக்கன் என்றால் திரும்புவதற்கு 7 நிமிடம். மொத்தம் 40.

அதே வயலைக் குறுக்குப் பாட்டில் ஓடினால் 56 ஓட்டம். வெட்டும் நேரம் அதே 33 நிமிடம்தான். ஆனால் திரும்புவதற்கு மட்டும் 19 நிமிடம் போகிறது. மொத்தம் 52. அதே ஒரு ஏக்கரை நான்கு கால் ஏக்கர்ச் சதுரங்களாக வரம்பு போட்டுப் பிரித்தால் 58 நிமிடம், அதுவும் வரம்பு தாண்டும் நேரத்தைச் சேர்க்காமல். நெல்லும் அதே நெல், நிலமும் அதே நிலம். நீளப் பக்கம் ஓடச் சொல்லி சாரதியிடம் சொல்வதற்குக் காசு தேவையில்லை. ஆனாலும் பாதை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள்.

"எங்கட காணி ஆத்தோரம், ஒரு பக்கம் வளைஞ்சு கூர்ந்து போகுது. அதுக்கு ஒண்டும் செய்யேலாதோ?"

வளைவை நிமிர்த்த முடியாதுதான். ஆனால் கூர்மூலைகளையும், மெசின் முதலில் இறங்கித் திரும்பும் இடத்தையும் முதல்நாளே அரிவாளால் வெட்டி வையுங்கள். மூலைக்கு மூன்று மீற்றர்ச் சதுரம் போதும். இரண்டு பேர் காலமை ஒரு மணித்தியாலத்தில் செய்யும் வேலை இது. செய்யாவிட்டால் மெசின் ஒவ்வொரு மூலையிலும் முன்னுக்கும் பின்னுக்கும் நான்கு தடவை அசைந்து, நின்ற பயிரையும் மிதித்துவிட்டுப் போகும். வெட்டிய கதிரை மெசின் ஓடும் வழியில் போட்டால் அதையும் சேர்த்து அடித்துத் தரும்.

"அப்ப உள்வரம்பு எல்லாத்தையும் எடுத்துப்போட்டா நல்லமோ?"

அவசரப்படாதீர்கள். வரம்பு நின்றது மெசினை மறிக்க அல்ல, தண்ணீரை மறிக்க. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருந்தால், வரம்பை எடுத்ததும் மேல் துண்டு காயும், கீழ் துண்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பிறகு மேலே புல்லும் கீழே பிந்திப் பழுக்கும் பச்சைக் கதிருமாக, மெசினுக்கு முன்னதைவிடப் பெரிய தலையிடி.

நிலம் மட்டமாக்கிய பிறகு எடுப்பதுதான் முறை. மட்டமாக்க வசதியில்லை என்றால், எல்லாவற்றையும் விட்டு, உயர வித்தியாசம் குறைந்த இரண்டு துண்டுகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது எங்கள் பக்கம் பல வயல்களில் வரம்பே தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. அப்போது அவசரத்தில் பழைய வரம்பை அப்படியே தேடிப்பிடித்துக் கட்டினோம். கொஞ்சம் யோசித்து நீளத் துண்டுகளாகப் போட்டிருக்கலாம் என்று இப்போது படுகிறது. அன்றைக்கு எல்லைக்கல் கிடைத்ததே பெரிது.

எடுக்காத வரம்பை மெசின் தாண்டும்போது நேராக, செங்குத்தாகத்தான் ஏற வேண்டும். சரிவாக ஏறினால், சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் றப்பர்ப் பட்டி ஒரு பக்கம் தூக்கப்பட்டு மெசின் பிரளப் பார்க்கும். தாண்டும் இடம் ஒன்றை நீங்களே மண்வெட்டியால் தாழ்த்திக் காட்டிவிட்டால், வேறு நாலு இடத்தில் வரம்பு உடையாது.

"மெசின் தாழுமோ தாழாதோ எண்டு முதலே எப்பிடித் தெரியும்?"

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் பிழை விடுவதும் இதில்தான். றப்பர்ப் பட்டியில் ஓடும் மெசின் 3 தொன் என்று வையுங்கள். இரண்டு பட்டியும் நிலத்தில் படும் பரப்பு ஒன்றரைச் சதுர மீற்றர் அளவில் வரும். அப்படியானால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம்தான் பாரம். 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கும்போது அது 350 கிராமுக்குக் கிட்ட. அதாவது மெசினைவிட நாங்கள்தான் நிலத்தை அதிகம் அமத்துகிறோம்.

பிறகு ஏன் நாங்கள் நடக்கும் இடத்தில் மெசின் தாழுகிறது? நாங்கள் காலை எடுத்துவிட்டுப் போய்விடுவோம். மெசின் அதே இடத்தில் திரும்பும், பட்டி மேல்மண்ணை உரித்து உள்ளிருக்கும் சேற்றை வெளியே எடுக்கும், அடுத்த ஓட்டத்தில் மறுபடியும் அதன் மேலேயே வரும். தொட்டி நிறைந்திருந்தால் பாரமும் கூட. 1200 லீற்றர் தொட்டியில் 700 கிலோ நெல் வரை நிற்கும்.

என் முறை இது: வெறுங்காலோடு வயலுக்குள் நடந்து, ஒற்றைக் காலில் நின்று குதிக்காலைத் திருகிப் பாருங்கள். அடையாளம் மட்டும் பதிந்தால் தாராளமாக விடலாம். பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறினால், ஓடலாம், திரும்பும் இடத்தில் கவனம், தொட்டியைப் பாதியிலேயே கொட்டச் சொல்லுங்கள். கணுக்கால் வரை போனால் மெசினைக் கூப்பிடவே வேண்டாம். நடுவில் மட்டும் பார்க்கவும் கூடாது. ஒருமுறை நான் நடு வயலில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். துருசுப் பக்க (தண்ணீர் திறக்கும் மதகுப் பக்க) மூலையில் வாய்க்கால் கசிந்திருந்தது கண்ணில் படவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தாழ்ந்த மெசினை இரண்டு உழவு இயந்திரமும் ஒரு சங்கிலியும் வைத்து இழுத்து எடுக்க இருட்டிவிட்டது. அன்றைக்கு வெட்டியிருக்க வேண்டிய இன்னும் மூன்று பேர் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

"கடைசித் தண்ணியை எப்ப மறிக்கிறது?"

பொதுவாக வெட்டுக்கு 10 நாளுக்கு முன்பு வயலில் நிற்கும் தண்ணீரை வடிய விட வேண்டும். ஆனால் வன்னி முழுக்க ஒரே மண் இல்லை. மணல் கலந்த இருவாட்டி நிலம் ஒரு கிழமையில் இறுகிவிடும். களி நிலத்துக்கு இரண்டு கிழமை கொடுத்தாலும் அதிகமில்லை. மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் பக்கக் கறுப்புக் களி நனைந்தால் ஊதி வழுக்கும், காய்ந்தால் கால் போகும் அளவுக்கு வெடிக்கும். அங்கே ஒரு சின்ன மழையே எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். குளக்கட்டுக்கு நேர் கீழே உள்ள வயல்களுக்கு நீங்கள் மறித்தாலும் கட்டுக் கசிவு வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டுப் பக்க ஓரமாக ஒரு சின்னக் கான் வெட்டி வடிய விடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறிப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல் வயல்காரர் பிந்தி விதைத்திருந்தால் அவருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குக் கசியும். போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானிப்பது இதற்காகவும்தான். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மூன்று கிழமை பிந்தி விதைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

"ராத்திரி மழை. நாளைக்கு மெசின் வருது. விடலாமோ?"

மேலே சொன்ன குதிக்கால் சோதனைதான். நிலம் தாங்கினாலும் தாள் நனைந்திருந்தால் பின்னேரம் வரை பொறுங்கள்.

"விடிய ஆறு மணிக்கு வரச் சொன்னா ஏன் பத்து மணிக்கு வாறாங்கள்?"

இதில் நான் மெசின்காரர் பக்கம். தை, மாசியில் எங்கள் பக்கப் பனி கொஞ்சமில்லை. காலமை வயலுக்குள் நடந்தால் சாரம் முழங்கால் வரை நனையும். நனைந்த தாள் உருளைகளில் சுற்றும், நெல் கதிரிலிருந்து முழுதாய்க் கழலாது, கழன்ற நெல்லும் ஈர வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு பின்னால் போய்விடும். ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று தடவை அடைப்பெடுப்பதைவிட, ஒன்பதரைக்குத் தொடங்கி நிற்காமல் ஓடுவது முந்தி முடியும்.

இன்னொன்று, வெட்டும்போது நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை எடுப்பது 14 வீதத்தில். பனியோடு வெட்டினால் காயப்போடும் வேலைதான் கூடும்.

"பயிர் விழுந்து கிடக்கு. மெசின்காரர் கூடக் கேக்கிறார். நியாயமோ?"

எவ்வளவு கூட என்பதைப் பேசலாம், ஆனால் கேட்பது நியாயம். விழுந்த பயிரைச் சாய்ந்த பக்கத்துக்கு எதிராக, அதாவது கதிர் மெசினைப் பார்த்துக் கிடக்கும்படி போய் வெட்டினால்தான் வாரி எடுக்க முடியும். சாய்ந்த போக்கிலேயே போனால் கத்தி மேலால் போகும், கதிர் நிலத்தில் கிடக்கும். ஆகவே ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போய், மறுபக்கம் வெறுமையாகத் திரும்பி வர வேண்டும். வேகத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டாவது கேள்வியின் 40 நிமிட வயல் இப்போது ஒன்றரை மணித்தியாலத்தையும் தாண்டும். கதிரை வாரிக் கொடுக்கும் முன்பக்கச் சுழல் தடியை முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினாரா என்று மட்டும் பாருங்கள். அதைச் செய்யாமல் கூடக் கேட்டால் அது நியாயமில்லை.

ஏன் விழுந்தது என்று கேட்டால், காற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நெருக்கி விதைத்தது, கடைசி யூரியாவை அள்ளி எறிந்தது, கதிர் முற்றிய பிறகும் தண்ணீரை நிற்க விட்டது, இவையெல்லாம் காற்றுக்கு முன்பே நடந்தவை. மொட்டைக்கறுப்பன் மாதிரி உயரமான பழைய நெல்லென்றால் சாய்வது அதன் சுபாவம், அதை விதைத்தவர் ஒரு மணித்தியாலம் கூடப் போகும் என்று முதலே எண்ணிக்கொள்ள வேண்டும்.

"யானை மிதிச்ச வயலையும் வெட்டுவினமோ?"

வெட்டுவார்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இது அடிக்கடி வரும் கேள்வி. மிதிபட்ட பயிர் பெரிய பிரச்சினை இல்லை, காலடிக் குழிதான் பிரச்சினை. ஈரக் களியில் யானை வைத்த கால், காய்ந்த பிறகு சட்டி கவிழ்த்து எடுத்த மாதிரி முழங்கை ஆழக் குழியாக இறுகி நிற்கும். தாளுக்குள் அது தெரியாது. மெசின் அதில் இறங்கினால் முன்பக்கம் குத்தி, கத்தி மண்ணை வெட்டும். குழி உள்ள இடத்தில் தடி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். கறையான் புற்று, பட்ட பனையின் அடி, பழைய முட்கம்பித் துண்டு எல்லாவற்றுக்கும் இதேதான். சாரதி வெளியூர்க்காரர். அவருக்கு உங்கள் வயல் அன்றைக்குத்தான் அறிமுகம்.

"கெதியா ஓடினா நெல்லுக் கொட்டுண்ணாதோ? எவ்வளவு கொட்டினா சண்டை பிடிக்கலாம்?"

மெசின் போன இடத்தில், வைக்கோலை விலக்கிவிட்டு ஓரடிச் சதுரத்தில் கிடக்கும் நெல்மணிகளை எண்ணுங்கள். ஐந்தாறு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஆயிரம் மணி 25 கிராம் நிற்கும் நெல்லென்றால், சதுர அடிக்கு 10 மணி ஏக்கருக்கு 11 கிலோ. 20 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புசல் (ஏறக்குறைய 21 கிலோ) போய்விட்டது என்று அர்த்தம். கீரிச்சம்பா மாதிரிச் சின்ன மணிக்கு இது குறையும்.

ஆனால் மெசின் வருவதற்கு முன்பே அதே மாதிரி எண்ணிப் பாருங்கள். ஒரு கிழமை பிந்திவிட்ட வயலில் தானாக உதிர்ந்ததே நிறையக் கிடக்கும். அதை மெசினின் கணக்கில் போட்டுச் சண்டை பிடித்து நான் ஒருமுறை வெட்கப்பட்டிருக்கிறேன். மெசினால்தான் என்று தெரிந்தால், முதல் ஏக்கர் முடிவதற்குள் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முடிந்த பிறகு பேசி ஒரு பயனும் இல்லை.

"மாட்டுக்கு வைக்கோல் வேணும். அடியோட வெட்டச் சொன்னா சாரதி முகம் சுழிக்கிறார்."

அடியோடு வெட்டினால் மெசின் வயிற்றுக்குள் போகும் தாள் கூடுகிறது. அதை அடித்துப் பிரித்து வெளியே தள்ளத்தான் எஞ்சினின் பலம் போகும், ஆகவே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நிலம் மட்டமில்லாவிட்டால் கத்தி மண்ணையும் அள்ளும். நல்ல மட்ட வயலென்றால் தயங்காமல் கேளுங்கள். மேடு பள்ளமான வயலில், வைக்கோல் தேவைப்படும் ஒரு துண்டை மட்டும் தாழ்த்தி வெட்டச் சொல்வது எனக்குச் சரிவந்திருக்கிறது.

"எங்கட வயல் நடுவிலை. சுத்திவர இன்னும் பழுக்கேல்லை. மெசின் எப்பிடி உள்ளுக்குப் போறது?"

போகாது. மற்றவன் பயிரை மிதித்துப் போக யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பாதையோரத்திலிருந்து உள்ளுக்கு வரிசையாக வெட்டுவதுதான் ஒரே வழி, அதற்கு ஒரே வயதுள்ள இனத்தை ஒரே கிழமையில் விதைத்திருக்க வேண்டும். நடுவில் மூன்றரை மாத நெல்லும், சுற்றிவர நாலு மாத நெல்லும் என்றால் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும், கதிர் உதிர்ந்துகொண்டிருக்கும்.

உள் வயலுக்கு இன்னொரு நட்டம், கொட்டும் தூரம். ஏக்கருக்கு 80 புசல் விளைந்தால் மேலே சொன்ன தொட்டி இரண்டு தடவைக்கு மேல் நிறையும். ஒவ்வொரு தடவையும் பெட்டி நிற்கும் பாதைக்கு வந்து திரும்பினால், தூரத்தைப் பொறுத்து, வெட்டிய நேரத்துக்குக் கிட்டவே ஓடிய நேரமும் வரக்கூடும். நிலம் தாங்கினால் பெட்டியை வயலுக்குள்ளேயே, வெட்டி முடித்த பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

"ஏக்கர்க் கணக்கோ, மணித்தியாலக் கணக்கோ, எது எங்களுக்கு லாபம்?"

கொஞ்சம் சிக்கலான கேள்வி. ஏக்கர்க் கணக்கில் வயலின் குறையை மெசின்காரர் சுமக்கிறார், மணித்தியாலக் கணக்கில் நீங்கள் சுமக்கிறீர்கள். நீளமான, காய்ந்த, நிமிர்ந்து நிற்கும் வயலுக்கு மணித்தியாலம் லாபம். துண்டு வயலுக்கும் விழுந்த பயிருக்கும் ஏக்கர் லாபம். ஆனால் இது மெசின்காரருக்கும் தெரியும். ஏக்கர்க் கணக்கில் வந்தவர் உங்கள் முக்கோண வயலைக் கண்டால், "நாளைக்கு வாறன்" என்று நல்ல வயலுக்குப் போய்விடுவார், பிறகு நாளைக்கும் வரமாட்டார். மெசின் தட்டுப்பாடான காலத்தில் கூலி குறைவதைவிட, சொன்ன நாளில் வருவது பெரிது. அதனால் எங்கள் வாய்க்காலில் நல்ல வயலையும் கரைச்சல் வயலையும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசுகிறோம். நல்ல வயல்காரருக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

"பெரிய மெசினாப் பிடிச்சா எல்லாம் தீருமே?"

வெட்டும் நேரம் பாதியாகும். திரும்பும், கொட்டும், வரம்பு தாண்டும் நேரங்கள் அந்த அளவுக்குக் குறையாது, சிலது கூடும். கால் ஏக்கர்த் துண்டுக்குள் பெரிய மெசின் வெட்டுவதிலும் பார்க்க அசைவதுதான் அதிகம். பாரமும் கூட. ரயரில் ஓடும் மெசின் என்றால் இன்னும் மோசம், ரயர் நிலத்தில் படும் இடம் சின்னது, ஈர நிலத்தில் ஆழமான தடம் விழும். உருத்திரபுரத்தில் நல்ல காய்ச்சலான நீள வயல் வைத்திருப்பவருக்குப் பெரியது சரி.

"வெளியூர் மெசினாலை பன்றி நெல் வருதெண்டு சொல்லினம். உண்மையோ?"

உண்மை. தொட்டி மூலையிலும் சல்லடையிலும் முன் வயலின் நெல் கிலோக்கணக்கில் தங்கும், அதில் பன்றி நெல்லும், அதாவது நெல்லைப் போலவே வளரும் களை நெல்லும், இருக்கலாம். வயலுக்குள் இறங்க முன்பு, பாதையில் வைத்து ஐந்து நிமிடம் வெறுமையாக ஓட விட்டு, தும்புத்தடியால் கூட்டச் சொல்லுங்கள். விதை நெல்லுக்கு வைத்திருக்கும் துண்டை முதலாவதாக ஒருபோதும் வெட்ட விடாதீர்கள்.

"சரி, அடுத்த காலபோகத்துக்கு (மாரிப் போகத்துக்கு) இப்பவே ஏதும் செய்யலாமோ?"

வெட்டு முடிந்த அன்றைக்கே, வைக்கோல் எடுக்க முன்பு, ஒரு சுற்று நடந்து மெசின் எங்கே தாழ்ந்தது, எங்கே நின்றது, எங்கே திரும்பக் கஷ்டப்பட்டது என்று பார்த்துக் கொப்பியில் கீறி வையுங்கள். தடங்கள் அப்படியே தெரியும். ஒரு மழை பெய்து, ஓர் உழவு விழுந்தால் எல்லாம் மறந்துவிடும். ஆழத் தடம் விழுந்த இடத்தைச் சிறுபோகம் (வெயில் காலப் போகம்) செய்யாத வயலென்றால் வெயில் மாதங்களில் காய்ந்திருக்கும்போது ஆழ உழுது நிரப்பலாம். ஈரத்தோடு உழுதால் அடியில் அமந்த மண் அப்படியே கிடக்கும்.

என் கொப்பியில் எங்கள் துருசு மூலைக்கு மூன்று வருடமாக ஒரே வட்டம் போட்டிருக்கிறேன். கசிவை அடைக்கக் கமக்கார அமைப்பில் (விவசாயிகள் சங்கத்தில்) சொல்லியாயிற்று. அதுவரைக்கும் அந்த மூலையை நாங்கள் அரிவாளால்தான் வெட்டுகிறோம்.